ஹோர்ட்டன் சமவெளியில் மரை தேடுவது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

இலங்கை மலைநாட்டில் மரை (கடமான்) வேட்டைக்கு எங்கே போகலாம் என்று தோட்டத்துப் பையன்கள் என்னிடம் கேட்பதுண்டு. எங்கேயும் போக முடியாது. ஹோர்ட்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா. வெளியேயும் மரையைச் சட்டம் காக்கிறது. தேயிலை மலை ஓரத்தில் கம்பிக் கண்ணி வைத்தால் மரை மட்டுமா மாட்டும், சிறுத்தையும் மாட்டிச் சாகும். ஆனால் பழைய வேட்டைக்காரர்களிடம் ஒரு வித்தை இருந்தது: காற்றைப் பார்ப்பது, தடம் படிப்பது, அசையாமல் நிற்பது. அதை வெறுங்கையோடு செய்து பாருங்கள். அந்தச் சுகமே வேறு.

1. விடியலைப் பிடியுங்கள். மரை இரவெல்லாம் பத்தனை என்கிற மலைப் புல்வெளியில் மேயும், வெயில் ஏறும்முன் முகில் காட்டுக்குள் போய்விடும். பூங்கா வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும்போதே நீங்கள் பட்டிப்பொலப் பக்கமோ ஒஹிய பக்கமோ வாசலில் நிற்க வேண்டும். சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது; தை, மாசியில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கம்பளிச் சட்டை, குல்லா கட்டாயம். சரசரக்கிற மழைச்சட்டை வேண்டாம், அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

2. காற்றைப் பாருங்கள். இதுதான் முழு வித்தையும். மரைக்குக் கண்ணை விட மூக்கும் காதும் கூர்மை. முதல் தடவை போனபோது நான் இதைக் கவனிக்கவில்லை. புல்லில் நின்ற பெட்டை மரை தலையைத் தூக்கியது, அடுத்த நொடி அந்த இடம் வெறும் புல். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கப் புல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. வாயைத் திறந்து மூச்சு விடுங்கள். அந்தக் குளிரில் மூச்சு புகையாக வரும், அது மிதந்து போகிற திசைதான் உங்கள் வாசனை போகிற திசை. பாதையை விட்டு இறங்க அனுமதி இல்லை. அதனால் நீங்கள் தேடுவது, புல்வெளியிலிருந்து உங்கள் முகத்துக்குக் காற்று வருகிற ஒரு வளைவு. அப்படி ஓர் இடம் கிடைத்ததும் நின்றுவிடுங்கள்.

3. சேற்றைப் படியுங்கள். ஓடைக்கரை ஈரத்தில் பிளவுபட்ட குளம்புத்தடம் இருக்கும். கூரான முனை காட்டுகிற பக்கம்தான் அது போன பக்கம். தடத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு சிறு குழிகள் தெரிந்தால் அநேகமாகக் காட்டுப்பன்றி. விளிம்பு உடையாமல் ஈரமாக இருந்தால் புதுத்தடம். உறைபனி படிந்திருந்தால் இரவில் போனது.

4. அரை மணி நேரம் நில்லுங்கள். பாதிப் பேர் தோற்பது இங்கேதான். 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்கிற அவசரத்தில் ஓடிவிடுகிறார்கள். புல்லும் காடும் சேருகிற கோட்டின் மேலேயே கண்ணை வையுங்கள். முழு மிருகத்தைத் தேடாதீர்கள். ஆடுகிற ஒரு காதை, நிழலில் கிடைமட்டமாகத் தெரிகிற ஒரு முதுகை, மூன்று கிளை விட்ட கொம்பைத் தேடுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மரை முன்காலைத் தரையில் தட்டி, வாலைத் தூக்கி, 'ஹாங்க்' என்று உரக்கக் கத்தினால் அது பயந்திருக்கிறது. உங்களைப் பார்த்துக் கத்தினால் மெதுவாக விலகுங்கள். வேறு பக்கம் பார்த்துக் கத்தினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே பக்கம் பாருங்கள், சிறுத்தை இருக்கலாம்.

5. ஃபார் இன் மரையை நம்பாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்து வேட்டை விடுதியாக இருந்த இடம் அது. இன்று அங்கே ஆண்மரைகள் வாகனத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். படம் எடுங்கள், தீனி மட்டும் போடாதீர்கள். பழகிவிட்டாலும் கொம்புள்ள காட்டு மிருகம். சாப்பாட்டு மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்துத் தின்று செத்த மரைகள் உண்டு. அதனால் வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையில் சுற்றி டின்னில் போட்டுக்கொண்டு போனால் அங்கே நேரம் போகாது. விழுந்து கிடக்கிற கொம்பு கண்ணில் பட்டாலும் எடுக்க வேண்டாம்.

பத்து மணியளவில் மூடுபனி ஏறிவிடும். அதற்குமேல் மரை இருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது.