இரவு பஸ்ஸில் வந்த பங்காய் சோடி

"கடலைப் பார்த்துக்கொண்டு வீடு இருக்கு, நீ கடல் மீனைக் கொழும்பிலிருந்து காசு குடுத்து எடுக்கிறியோ?" அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் விறாந்தையிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. ஆனபடியால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்க நான் தேடிய மீன், பங்காய் கார்டினல், எங்கள் கடலில் இல்லை. அதற்கு ஊர் இந்தோனேசியா. சுலவேசிக்குக் கிழக்கே இருக்கும் பங்காய் தீவுகள். வெள்ளி உடம்பு, அதில் கறுப்புப் பட்டைகள், நீண்ட செட்டைகளில் வெண்புள்ளிகள். முழுதாக வளர்ந்தாலும் 8 சென்டிமீட்டர் அளவுதான்.

இது ஏன் அரிது என்பது தெரிந்திருந்தால் வாங்கும்போது உதவும். பெண் இடும் முட்டைகளை ஆண் வாயில் எடுத்து அடைகாக்கிறது. வெளியே வரும் குஞ்சு பெரிய மீனின் அச்சாகவே இருக்கும். மற்றக் கடல் மீன்களின் குஞ்சுகளைப் போல நீரோட்டத்தில் மிதந்து வேறு தீவுக்குப் போகிற பருவமே இதற்குக் கிடையாது. பிறந்த இடத்திலேயே, முள்ளுப் பந்து போன்ற கடலூமத்தைகளுக்கு நடுவே கிடக்கும். ஒரு இடத்தில் வலைபோட்டு வழித்தால் அங்கே அது முடிந்த கதைதான். 2007இல் இது அழிவுக்கு உள்ளாகும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. நல்ல காலம், தொட்டியிலேயே இனம் பெருகும் மீன் இது. அதனால் விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?"

கடலில் பிடித்தது என்றால் நான் வாங்க மாட்டேன். பாவ புண்ணியம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிடித்துக் கொண்டுவரும் பங்காய்களில் ஒரு வைரஸ் நோய் பரவுகிறது. மீன் கறுத்து, மூச்சு வாங்கி, ஒரு மூலையில் நின்று செத்துப்போகும். அதற்கு மருந்து இல்லை. (இன்னொன்று: யாராவது ஒரு மீனைக் காட்டி "புறாமலையில் பிடித்தது, மலிவாகத் தருகிறேன்" என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் அந்தத் தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டுப் பவளம் எடுத்தாலும் குற்றம்.)

இனி சோடி விஷயம். நான் ஏமாந்தது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோமாளி மீன் வாங்குவது லேசு. எல்லாமே ஆணாகத்தான் வளரும், பெரியது பெண்ணாக மாறிக்கொள்ளும். சின்னதில் இரண்டை ஒன்றாக விட்டால் நாளடைவில் சோடிதான். பங்காய் அப்படி மாறாது. ஆண் ஆண்தான், பெண் பெண்தான், பார்த்துப் பிரிப்பதும் கஷ்டம். செட்டை நீளத்தை வைத்துச் சொல்லலாம் என்பார்கள்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதல் தடவை ஒருவர் "உறுதியான சோடி" என்று சொல்லி இரண்டு மீன் அனுப்பினார். அழகான படம், நல்ல பேச்சு. பத்து நாளில் ஒன்று மற்றதைத் தொட்டியின் பின்மூலைக்குத் துரத்தி, வால் செட்டையை நூல் நூலாகக் கிழித்து வைத்திருந்தது. இரண்டும் ஆணாக இருந்திருக்க வேண்டும். கிழிபட்டது மூன்றாம் கிழமை போய்விட்டது.

ஆகவே படத்தை நம்பாதீர்கள். வீடியோ கேளுங்கள், அதுவும் மூன்று வீடியோ. முதலாவதில் ஒரு துண்டுக் கடதாசியில் உங்கள் பெயரும் அன்றைய திகதியும் எழுதித் தொட்டிக் கண்ணாடியில் பிடித்துக் காட்டட்டும். இணையத்தில் எடுத்த படத்தை வைத்து வியாபாரம் செய்பவர் இதிலேயே விலகிவிடுவார். இரண்டாவது, இரை போடும்போது எடுத்தது. மீன் இரையைத் தேடி வந்து விழுங்குவது தெரிய வேண்டும். எடுத்துவிட்டுத் துப்பினால் அது சாப்பிடும் மீன் இல்லை. மூன்றாவதுதான் முக்கியம்: யாரும் கிட்டப் போகாமல், போனைத் தொட்டிக்கு எதிரே வைத்துவிட்டுப் பத்து நிமிடம். உண்மையான சோடி ஒன்றோடொன்று ஒட்டியபடி நிற்கும், பக்கத்தில் வருகிற மற்ற மீனைச் சேர்ந்து துரத்தும். ஒன்று மற்றதன் அருகே போய் உடம்பைச் சிலிர்த்து நடுங்குவதும் தெரியும். ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் ஒளிந்து நின்றால் வேண்டாம்.

ஏற்கெனவே முட்டை வைத்த சோடி என்றால், ஆண் வாய் நிறைய முட்டையுடன் நிற்கும் பழைய வீடியோவாவது இருக்கும். அதைவிடச் சாட்சி வேறில்லை. மூன்று சென்டிமீட்டர்க் குஞ்சுகள் இரண்டைக் காட்டி "சோடி" என்பவரிடம் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த வயதில் அவைக்கே தெரியாது.

பணம் பற்றி நீட்டத் தேவையில்லை. வங்கிக் கணக்கின் பெயரும் கதைக்கும் ஆளின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதி முன்பணம், மீதி உயிரோடு கையில் கிடைத்த பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாத நல்ல வியாபாரிகளும் உண்டு, அது அவர்கள் பட்ட அடி. அப்படியானால் செத்து வந்தால் என்ன செய்வார் என்பதை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். பையைப் பிரிக்காமல் படம் எடுத்து அனுப்ப எத்தனை மணி நேரம் தருவார் என்பதையும் சேர்த்து.

காசு போடும் முன் கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: "உங்கள் தண்ணீரில் உப்பு எவ்வளவு?" உப்பை நாங்கள் தண்ணீரின் அடர்த்தி எண்ணால் அளக்கிறோம்; உப்பு கூடக் கூட எண்ணும் கூடும். எங்கள் தொட்டிகளில் 1.025 வைத்திருப்போம். விற்பவர்கள் சிலர் நோய்க்குப் பயந்தோ உப்புச் செலவுக்குப் பயந்தோ 1.018, 1.020இல் வைத்திருப்பார்கள். உப்பு குறைவதை மீன் தாங்கும். திடீரென்று கூடுவதைத் தாங்காது. ஆகவே மீன் வருவதற்கு முதல் நாளே ஒரு தனித் தொட்டியை அவர் சொன்ன அளவுக்குக் கலந்து வையுங்கள். மண் வேண்டாம், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு போதும். பிறகு ஒரு கிழமைக்குள் மெதுவாக 1.025க்கு ஏற்றலாம்.

கடல் தண்ணீர் எடுப்பவர்களுக்கு: என் மச்சான் படகில் போகும்போது கரையிலிருந்து தள்ளி இரண்டு கான் நிரப்பிக்கொண்டு வருவான். அதை மூடி, இருட்டில் இரண்டு கிழமை வைத்துத் தெளியவிட்டுத்தான் பாவிப்பேன். கார்த்திகை, மார்கழியில் இந்த வேலையே வேண்டாம். மகாவலி கொட்டியார்குடாவில் வந்து விழுகிற ஊர் இது. மழைக்காலத்தில் கடல் மண்ணிறமாக இருக்கும், உப்பும் இறங்கிவிடும். அந்த மாதங்களில் மீனும் வாங்குவதில்லை.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். மீனுக்கு இரவு பஸ்தான் நல்லது, பகல் வெயிலில் பெட்டி அவிந்துவிடும். விற்பவரிடம் சொல்ல வேண்டியவை: அனுப்புவதற்கு முந்திய நாள் இரை போடக் கூடாது, ஒரு பைக்கு ஒரு மீன், பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஒட்சிசன், இரட்டைப் பை, ரெஜிபோம் பெட்டி, மூடியில் டேப். நடத்துனரின் போன் நம்பரை வாங்கி, ஹபரணை தாண்டும்போது ஒரு கோல் எடுங்கள். பெட்டியை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தவர்களும் உண்டு, என்னத்தைச் சொல்ல.

விடியப் பெட்டி வந்ததும் அவசரப்பட்டுப் பையை வெட்டாதீர்கள். இரவு முழுக்க மீன் மூச்சு விட்டதில் பைத் தண்ணீரில் கரியமிலவாயு சேர்ந்து, தண்ணீர் புளித்திருக்கும். மீனின் கழிவிலிருந்து வந்த அமோனியாவும் அதற்குள் இருக்கிறது. தண்ணீர் புளிப்பாக இருக்கும்வரை அமோனியாவின் விஷம் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், புளிப்புக் குறையும், அடங்கிய விஷம் எழும்பும். அதனால்தான் திறந்த பைக்குள் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் பழைய முறை நெடும்பயணம் வந்த மீனுக்குக் கூடாது. அறை விளக்கை அணைத்து, மூடிய பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள், சூடு சமனாகட்டும். பிறகு வெட்டி, உப்பை ஒருமுறை அளந்து, ஒத்துவந்தால் உடனே மீனை ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் ஏந்தித் தொட்டிக்கு மாற்றுங்கள். வலை போட்டால் நீளச் செட்டை சிக்கும். பைத் தண்ணீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போகக் கூடாது. ஒத்துவராவிட்டால் மீன் பைக்குள் இருக்கும்போதே தொட்டியில் நல்ல தண்ணீர் கலந்து உப்பைக் குறையுங்கள். அதற்கென்று ஒரு கான் வடிகட்டிய தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தத் தனித் தொட்டியில் குறைந்தது நாலு கிழமை. முதல் நாள் இரை வேண்டாம். இரண்டாம் நாள் பச்சை இறாலை உப்புக் கட்டியளவுக்கு நறுக்கி ஒன்றிரண்டு போட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் காய்ந்த கூனி வேண்டாம், அதில் என்ன போட்டுக் காயவைத்தார்கள் என்று தெரியாது. கரண்ட் போனால் காற்றுப் பம்புக்கு ஒரு பற்றரி கையோடு இருக்கட்டும்.

என் இரண்டாவது சோடி வந்து மூன்று மாதம் கழித்து, ஒரு காலை இரை போட்டபோது ஒன்று மட்டும் கிட்ட வரவில்லை. தாடை வீங்கி, வாயை இறுக்க மூடியபடி குழாய் ஓரத்தில் நின்றது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பல்லுக்கொதி போல கிடக்கு" என்றார். ரோச் அடித்துப் பார்த்தேன், உதட்டிடுக்கில் செம்மஞ்சள் நிறத்தில் முட்டை. உங்கள் ஆணும் இப்படிச் சாப்பிடாமல் நின்றால் பயந்து மருந்து ஊற்றாதீர்கள். மூன்று நாலு கிழமைக்கு அதைத் துரத்தாமல், தொட்டிக்குள் கை விடாமல், பெண்ணுக்கு மட்டும் இரை போட்டுக்கொண்டிருங்கள்.