கெட்டியாவும் இருக்கணும், உடையவும் கூடாது, துருவும் ஏறக்கூடாது: 50 கிலோ ஃபர்னஸ்ல ஒரு ஸ்டெயின்லெஸ் அலாய் பண்ற கதை

பம்ப் ஷாஃப்ட்டுக்கு 316 கிரேட் ஸ்டெயின்லெஸ் போட்டா வளையுது, 410 போட்டா துரு ஏறுது, சரின்னு 420-ஐ ஹார்டன் பண்ணி போட்டா கீவே மூலைல கிராக் விட்டு ஒரு நாள் ரெண்டு துண்டா கைக்கு வருது. இந்த மூணையும் அனுபவிச்சவங்க, அப்புறம் மெட்டலர்ஜி படிச்சுட்டு ப்ராஜெக்ட்டுக்கு "புது அலாய் டெவலப் பண்றேன்"னு கைய தூக்கிட்டு இப்ப முழிச்சுட்டு இருக்கறவங்க, இவங்களுக்குத்தான் இது. நம்ம எடுத்துக்கப்போறது 17-4 பிஹெச் குடும்பம், அதாவது உள்ள பொடிப்பொடியா பிரியற துகளால கெட்டியாகற ஸ்டெயின்லெஸ். புதுசா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ உங்க கையால உருக்கி அடிச்சு சூடு பண்ணி பாத்துருங்க, அதுக்கப்புறம் மாத்தறதெல்லாம் தானா புரியும்.

மொதல்ல ஏன் 420 உடையுதுன்னு பாத்துருவோம். அதுல கெட்டித்தனம் வர்றது கார்பன்ல இருந்து. கார்பனுக்கு குரோமியம்னா உயிரு, டெம்பர் பண்றப்ப (கெட்டியாக்கினத திரும்ப மிதமா சூடு பண்றப்ப) ரெண்டும் சேந்து கார்பைடா போயிடும், சுத்தி இருக்கற இரும்புல குரோமியம் கொறஞ்சுடும், அங்கதான் துரு மொதல்ல புடிக்கும். அதுவும் 425-ல இருந்து 565 டிகிரி வரைக்கும் டெம்பர் பண்ணா டஃப்னஸும் போச்சு, துரு தாங்கறதும் போச்சு. அதனால கெட்டித்தனத்த கார்பன் இல்லாம வேற வழியில கொண்டு வரணும். 1940-கள்ல அமெரிக்காவுல ஆர்ம்கோ கம்பெனி கொண்டு வந்த 17-4-ல அந்த வேலைய பண்றது செம்பு. சூடு பண்ணி வேகமா ஆற வச்சா செம்பு இரும்புக்குள்ளயே மாட்டிக்கும், அப்புறம் 480 டிகிரில வச்சா சில நானோமீட்டர் சைஸ்ல பொடிப்பொடியா பிரிஞ்சு வெளிய வரும், அந்தப் பொடிதான் உள்ள இருக்கற டிஸ்லொகேஷன (அணு வரிசைல இருக்கற பிசகு, அது நகர்ந்தாத்தான் மெட்டல் வளையும்) நகர விடாம புடிச்சு வைக்குது.

அலுமினியம், டைட்டானியம் போட்டும் இதே மாதிரி பண்ணலாமே, அதுல இன்னும் ஸ்ட்ரெங்த் வருமேன்னு கேப்பீங்க. வரும். ஆனா ரெண்டும் காத்துல உருக்குனா ஆக்சைடா போகும், மிச்சம் எவ்ளோ நிக்கும்னு உங்களுக்கே தெரியாது, அதுக்கு வாக்குவம் ஃபர்னஸ் வேணும். செம்பு அப்படி இல்ல, போட்டது போட்டபடி நிக்கும். சாதா இண்டக்ஷன் ஃபர்னஸ் வச்சிருக்கற ஆளுக்கு இத விட்டா வேற நல்ல வழி இல்லன்னு நான் சொல்வேன்.

அடுத்து டார்கெட். எல்லாரும் மொதல்ல டென்சைல் நம்பர (இழுத்தா எவ்ளோல அறும்ங்கறத) எழுதுவாங்க, நான் சொல்றது கடைசில எழுதுங்க. மொதல்ல எத்தன ஜூல் இம்பேக்ட் (திடீர் அடிய தாங்கற அளவு) வேணும், எந்தத் தண்ணியில ஓடப்போவுது, இத எழுதுங்க. ஏன்னா ஒரே மெட்டீரியல் ஏஜிங் (செம்புப் பொடி பிரியறதுக்காக சூட்டுல வைக்கறது) டெம்பரேச்சர மாத்தினா வேற ஆளாவே மாறிடும். ஹெச்900-னு சொல்ற கண்டிஷன்ல, அதாவது 482 டிகிரி 1 மணி நேரம், குறைஞ்சது 1310 மெகாபாஸ்கல் டென்சைல், 1170 ஈல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கற அளவு) வரணும், ஹார்ட்னஸ் ராக்வெல் சி 40. 316 ஷாஃப்ட்டோட ஈல்டு 205-தான் கேரண்டி, கணக்கு பாத்துக்கோங்க. ஆனா ஹெச்900-க்கு ஏஎஸ்டிஎம் ஏ564 ஸ்டாண்டர்டுல இம்பேக்ட் நம்பரே கேக்கல, அதுலயே விஷயம் புரியணும். ஹெச்1025 போனா 1070 மெகாபாஸ்கல், 20 ஜூல். ஹெச்1150-னா 930, 41 ஜூல். ஷாக் லோடு வர்ற எடத்துக்கு நான் ஹெச்900 போடவே மாட்டேன், யார் வந்து கேட்டாலும் சரி.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், சிரிக்காதீங்க. அந்த 900, 1025, 1150 எல்லாம் ஃபாரன்ஹீட். நான் பழைய ஒரு எடத்துல வேலைல இருந்தப்ப ட்ராயிங்ல ஹெச்900-னு பாத்துட்டு நைட் ஷிஃப்ட் தம்பி ஃபர்னஸ 900 செல்சியஸ்ல செட் பண்ணிட்டான், காலைல பாத்தா பதினாறு ஷாஃப்ட்டும் கருப்பா ஸ்கேல் புடிச்சு கெடக்கு, ஹார்ட்னஸ் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. அவன திட்டி என்ன பண்றது, ஜாப் கார்டுல செல்சியஸ்ல எழுதாதது எங்க தப்பு.

இப்ப காம்போசிஷன். ஸ்டாண்டர்டுல குரோமியம் 15-ல இருந்து 17.5, நிக்கல் 3-ல இருந்து 5, செம்பு 3-ல இருந்து 5, நியோபியம் 0.15-ல இருந்து 0.45, கார்பன் அதிகபட்சம் 0.07%. இந்த ரேஞ்சுக்குள்ள எங்க நிக்கறீங்கங்கறதுதான் வேலையே. குரோமியம் ஏத்துனா துருவுக்கு நல்லது ஆனா டெல்டா ஃபெரைட்ங்கற சாஃப்ட்டான பகுதி உள்ள வரும், அது ஃபோர்ஜிங் பண்ணும்போது நீளநீளமா இழுபட்டு நிக்கும், குறுக்கு வாக்குல டஃப்னஸ அடிச்சுரும். நிக்கல் ஏத்துனா ஃபெரைட் கொறையும் ஆனா மார்ட்டென்சைட்டா (ஆறும்போது வர்ற கெட்டியான அமைப்பு) மாற ஆரம்பிக்கற டெம்பரேச்சர் கீழ போயிடும், ஆஸ்டெனைட் (சூட்டுல இருந்த சாஃப்ட்டான அமைப்பு) மிச்சம் நின்னுடும், அப்புறம் கெட்டி வராது. ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் போகுது, நாலு பக்கமும் புடிச்ச போர்வ மாதிரி. நியோபியம் எதுக்குன்னா கார்பன அது புடிச்சுக்கும், குரோமியத்த விட்டுரும்.

நான் மொத ஹீட்டுக்கு (ஒரு தடவ உருக்கற லாட்) வைக்கற டார்கெட்: குரோமியம் 15.5, நிக்கல் 4.5, செம்பு 3.3, நியோபியம் 0.3, சிலிக்கான் 0.5, மாங்கனீஸ் 0.6, கார்பன் 0.04. ஷெஃப்லர் படத்துக்கான கணக்கு போடுங்க, காம்போசிஷன வச்சு உள்ள என்ன அமைப்பு வரும்னு காட்டற படம் அது. குரோமியம் ஈக்குவலன்ட் = குரோமியம் + மாலிப்டினம் + 1.5 சிலிக்கான் + 0.5 நியோபியம், அது 16.4 வருது. நிக்கல் ஈக்குவலன்ட் = நிக்கல் + 30 கார்பன் + 0.5 மாங்கனீஸ், அது 6. அந்தப் படம் வெல்டிங்குக்காகப் போட்டது, செம்ப கணக்குலயே எடுக்காது, அதனால அத வழிகாட்டியா மட்டும் வச்சுக்கோங்க, மைக்ரோஸ்கோப் சொல்றதுதான் தீர்ப்பு.

சார்ஜ் கணக்கு 50 கிலோவுக்கு. குரோமியம் 7.75 கிலோ வேணும். லோ கார்பன் ஃபெரோகுரோம்ல 65% குரோமியம், ரெக்கவரி (வீணாகாம மெட்டல்ல நிக்கறது) 95%னு வச்சா 12.5 கிலோ ஃபெரோகுரோம். நிக்கல் கேத்தோடு 2.25 கிலோ, செம்பு 1.65 கிலோ, ஃபெரோநியோபியம் கால் கிலோ சொச்சம், கொஞ்சம் ஃபெரோமாங்கனீஸ் ஃபெரோசிலிக்கான், மிச்சம் 33 கிலோ கிட்ட சாஃப்ட் அயர்ன். இப்ப கார்பன் எங்கருந்து வருதுன்னு பாருங்க: ஃபெரோகுரோம்ல 0.1% கார்பன் இருந்தாலே 12.5 கிராம், அது உருகுன மெட்டல்ல 0.025% ஆயிடும். சாஃப்ட் அயர்ன்ல 0.02% இருந்தா இன்னொரு 0.013. ரெண்டும் சேந்து 0.038, நம்ம டார்கெட் முடிஞ்சுபோச்சு, வேற எங்கருந்தும் ஒரு சிட்டிக கார்பன் வரக்கூடாது. வெல சல்லிசா இருக்கேன்னு ஹை கார்பன் ஃபெரோகுரோம் போட்டீங்கன்னா அதுல 7% கார்பன், மெட்டல்ல 1.75% ஏறிடும், அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே இல்ல. பெரிய ப்ளாண்ட்ல ஏஓடி வச்சு ஆர்கானும் ஆக்சிஜனும் ஊதி கார்பன எறக்கிடுவாங்க, நம்மகிட்ட அது கிடையாது, உள்ள போறத மட்டும்தான் நம்ம கட்டுப்படுத்த முடியும். அதே காரணத்துக்குத்தான் சல்ஃபரும் பாஸ்பரஸும், ஸ்க்ராப்ப காசு குடுத்து நல்லதா வாங்குங்க.

உருக்கறது நேரடியான வேலைதான். சாஃப்ட் அயர்னும் நிக்கலும் மொதல்ல, உருகுனதும் சூடு காட்டின ஃபெரோகுரோம், அப்புறம் செம்பு, கடைசில மாங்கனீஸ் சிலிக்கான், ஊத்தறதுக்கு முன்னாடி நியோபியம். எல்லா சார்ஜும் காஞ்சு இருக்கணும், ஈரம் போனா மெட்டல் தெறிக்கும், ஆள் காலி, ஹைட்ரஜனும் உள்ள போகும். 1600 டிகிரி கிட்ட டேப் பண்ணி இங்காட் மோல்டுல ஊத்துங்க.

ஃபோர்ஜிங்குக்கு 1180-ல இருந்து 1200 டிகிரில ஊற வச்சு அடிங்க, 1010-க்கு கீழ எறங்கிட்டா சுத்தியல வச்சுட்டு திரும்ப ஃபர்னஸுக்குள்ள தள்ளுங்க. இன்னும் ரெண்டு அடிதானேன்னு அடிச்சா ஓரத்துல வெடிப்பு வரும். அடிச்சு முடிச்சதும் முழுசா ஆற விட்டுட்டுத்தான் அடுத்த ஹீட் ட்ரீட்மென்ட், சூடோட சூடா ஃபர்னஸுக்குள்ள போட்டா கிரெய்ன் பொடிசாகாது.

இப்ப வர்றதுதான் எங்க ஊர்ல பாதிப் பேர் கோட்டை விடற எடம். 1040 டிகிரில சொல்யூஷன் ட்ரீட்மென்ட் (செம்பு இரும்புக்குள்ள கரையற அளவுக்கு சூடு பண்றது) பண்ணி வெளிய எடுக்கறோம். ஆறும்போது 130 டிகிரி கிட்டதான் மார்ட்டென்சைட்டா மாறவே ஆரம்பிக்கும், மாறி முடியறது 32 டிகிரி கிட்ட. முப்பத்திரெண்டு! மே மாசம் கோயமுத்தூர்ல ஷீட் போட்ட ஷெட்டுக்குள்ள மத்தியானம் 40 டிகிரி அடிக்குது, அதுல "ஏர் கூல்"னு ப்ராசஸ் ஷீட்ல எழுதி வச்சுட்டு பீஸ தரையில போட்டா அது என்னைக்கு 32-க்கு எறங்கறது? கைல தொட்டுப் பாத்து வெதுவெதுப்பா இருக்கு போதும்னு ஏஜிங் போட்டுருவாங்க, உள்ள மாறாத ஆஸ்டெனைட் நின்னுருக்கும், ஹார்ட்னஸ் 40 வர வேண்டியது 35, 36-ல நிக்கும். அப்புறம் காம்போசிஷன குத்தம் சொல்லி ஃபவுண்ட்ரிக்காரன்கிட்ட சண்டை. நாங்க ஒரு வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் மட்டும் ரிஜெக்ஷன் வருதுன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டோம், டிசம்பர்ல அதே சார்ஜ் அதே ஃபர்னஸ் சூப்பரா வருது. கடைசில ஐஸ் போட்ட தண்ணித் தொட்டி ஒண்ணு வச்சோம், பீஸ் காத்துல நல்லா ஆறினதும் அதுல முக்கி, கான்டாக்ட் தெர்மாமீட்டர்ல 25 காட்டினாத்தான் அடுத்த வேல. பிரச்சன அத்தோட போச்சு. நிக்கல ஏத்தி உங்க சொந்த அலாய் பண்ணீங்கன்னா இது இன்னும் மோசமாகும், கார்பென்டர் கம்பெனியோட கஸ்டம் 465-ல நிக்கல் 11%, அத மைனஸ் 73 டிகிரில 8 மணி நேரம் வைக்கச் சொல்றாங்கன்னா சும்மாவா.

ஏஜிங்க ஒரே டெம்பரேச்சர்ல பண்ணாதீங்க, மொத ஹீட்ல இருந்து அஞ்சு செட் சாம்பிள் வெட்டி 480-ல 1 மணி நேரம், 510, 550, 580, 620-ல 4 மணி நேரம்னு வச்சு ஹார்ட்னஸ், சார்பி (இம்பேக்ட் டெஸ்ட்) ரெண்டையும் ஒரே க்ராஃப்ல போடுங்க. ஹார்ட்னஸ் எறங்க எறங்க ஜூல் ஏறும், மேல போகப் போக செம்புப் பொடி பெருசாகுது, 620 பக்கம் கொஞ்சம் ஆஸ்டெனைட்டும் திரும்ப முளைக்கும். உங்க கோடு எங்க வெட்டுதோ அங்க நில்லுங்க. மெஷினிங் பண்றவருக்கு ஒரு தகவல்: ஏஜிங்ல பீஸ் சுருங்கும், ஹெச்900-ல 100 மில்லிமீட்டருக்கு 0.04-ல இருந்து 0.06, ஹெச்1150-ல 0.09-ல இருந்து 0.12 மில்லி. ஏஜிங் பண்ணாம சொல்யூஷன் கண்டிஷன்லயே ஃபிட் பண்ணிடாதீங்க, அது உடையற ஜாதி.

டெஸ்ட் விஷயத்துல ஒரு குழி இருக்கு. ஃபெரைட் மீட்டர் வச்சு டெல்டா ஃபெரைட் பாக்கறேன்னு போகாதீங்க, மார்ட்டென்சைட்டும் காந்தத்துல ஒட்டும், மீட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். பாலிஷ் பண்ணி விலெல்லா எட்ச் (அமைப்ப காட்டிக் குடுக்கற ஆசிட் கரைசல்) போட்டு மைக்ரோஸ்கோப்ல பாருங்க, ஃபெரைட் வெள்ளக் கோடு மாதிரி ஓடும். மிச்ச ஆஸ்டெனைட்டுக்கு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-ரே வச்சு பாக்கற டெஸ்ட்), பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ்ல கேட்டா செஞ்சு குடுப்பாங்க. சார்பிய நீளவாக்குல மட்டும் எடுத்துட்டு சந்தோஷப்படாதீங்க, குறுக்குவாக்குலயும் எடுங்க. அங்க அடி வாங்குனா குரோமியத்த 15-க்கு கீழ எறக்கி, அடுத்த ஹீட்ல நிக்கல அஞ்சு பக்கம் கொண்டு போங்க. 15-5 பிஹெச்ங்கற அலாய் பொறந்ததே இந்தக் காரணத்துக்குத்தான். ஒரு ஹீட்டுக்கு ஒரு எலிமென்ட் மட்டும் மாத்துங்க, ரெண்டு மாத்துனா எது வேல செஞ்சுதுன்னு தெரியாது.

இதுக்கும் மேல போகணும்னா ட்ரையல் அண்ட் எரர் கட்டுப்படி ஆகாது. ஃபிளைட் லேண்டிங் கியருக்கு 300எம்-னு ஒரு ஸ்டீல் போடுவாங்க, 1900 மெகாபாஸ்கல் தாண்டும், ஆனா துரு பிடிக்கும், அதனால மேல காட்மியம் பூசணும், அது விஷம். அமெரிக்காவுல குவெஸ்டெக் கம்பெனிக்காரங்க காட்மியமே வேணாம்னு கம்ப்யூட்டர்ல மொதல்ல கணக்கு போட்டு ஃபெர்ரியம் எஸ்53 பண்ணாங்க, குரோமியம் 10% மட்டும்தான், கோபால்ட் 14%, கிட்டத்தட்ட 300எம் ஸ்ட்ரெங்த். குரோமியம் இவ்ளோ கம்மியா வச்சும் துரு தாங்குதுன்னா கார்பைட எவ்ளோ பொடிசா வச்சிருப்பாங்கன்னு யோசிங்க. வாக்குவத்துல ரெண்டு தடவ உருக்கற சமாச்சாரம் அது, வெலையும் அப்படித்தான்.

நம்ம 17-4-க்கு திரும்புனா, துரு தாங்கறது 304 கிட்ட வரும், 316 கிட்ட வராது. ஓடற தண்ணில பிரச்சன இல்ல, கடல் தண்ணி தேங்கி நிக்கற எடத்துல, ஓ-ரிங் இடுக்குல பிட்டிங் (குழிகுழியா அரிப்பு) விழும், அதுக்கு ட்யூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் பாருங்க, ஸ்ட்ரெங்த்த விட்டுக் குடுத்துட்டு. ஹெச்900 பீஸ ஆசிட் பிக்கிளிங், ப்ளேட்டிங் பக்கம் அனுப்பாதீங்க, ஹைட்ரஜன் ஏறி ரெண்டு நாள் கழிச்சு சும்மா வச்ச எடத்துலயே கிராக் விடும். அப்புறம் 300 டிகிரிக்கு மேல ரொம்ப நாள் ஓடற ஸ்டீம் வால்வு ஸ்பிண்டிலுக்கு யாராவது இத கேட்டா குடுத்துடாதீங்க, உள்ள குரோமியம் தனியா பிரிஞ்சு மாசக்கணக்குல மெதுவா உடையற பதத்துக்கு வந்துடும், வெளிய பாத்தா பளபளன்னு புதுசு மாதிரியேதான் இருக்கும்.