ஃபுஸ்தனெல்லா தைப்பது எப்படி? முதல்முறை தைப்பவர்களுக்கு

கிரீஸ், அல்பேனியா ஆண்கள் உடுத்திய வெள்ளை மடிப்புப் பாவாடைதான் ஃபுஸ்தனெல்லா. ஏதென்ஸில் காவல் நிற்கும் எவ்சோன் வீரர்கள் இன்றும் அதை உடுத்துகிறார்கள். அவர்களுடையதில் 400 மடிப்புகள். ஒட்டோமான் ஆட்சியின் ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மடிப்பு என்று சொல்வார்கள். அதற்கு 30 மீட்டர் துணி வேண்டும். இங்கே நாம் தைக்கப்போவது 80 மடிப்பில், நாட்டுப்புற ஆட்டத்துக்கு உடுத்தும் அளவில்.

புதிதாகத் தைப்பவர்கள் பெரும்பாலும் நீளத் துணியை எடுத்து இடுப்பில் சுருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேலைக்காகாது. கீழ் ஓரத்துக்கு வேண்டிய 14 மீட்டர் துணியை 80 செ.மீ. இடுப்புக்குள் சுருக்கினால் 17 அடுக்கு வந்துவிடும்; ஊசியே இறங்காது. ஃபுஸ்தனெல்லாவின் சூட்சுமம் மடிப்பில் இல்லை, வெட்டில் இருக்கிறது. மேலே குறுகி கீழே விரியும் துண்டுகளை, உள்பாவாடை தைப்பவர்கள் சொல்லும் ‘கட்’களை, வரிசையாக இணைக்க வேண்டும். இடுப்பு மெலிதாக இருக்கும். ஓரம் மட்டும் விரியும். சாமிகோ என்ற கிரேக்க நாட்டுப்புற ஆட்டத்தில் துள்ளிச் சுழலும்போது பாவாடை குடைபோல் எழுவது இதனால்தான்.

துணி

கீழே உள்ள கணக்கு 80 செ.மீ. இடுப்புக்கும் 50 செ.மீ. நீளத்துக்கும். சட்டை போட்ட பிறகு, அதன் மேல்தான் இடுப்பை அளக்க வேண்டும். 110 செ.மீ. அகல வெள்ளைப் பருத்தி பாப்ளின் 6 மீட்டர் வாங்குங்கள். மல் துணி துவண்டுவிடும். பாலியஸ்டரில் கஞ்சி சரியாகப் பிடிக்காது. வெட்டும் முன் துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் துவைப்பிலேயே நீளம் குறையும்.

வெட்டு

24 செ.மீ. அகலம், 53 செ.மீ. நீளத்தில் 40 செவ்வகங்கள் வேண்டும். நீளம் துணியின் கரையோடு ஓட வேண்டும். ஒரு வரிசைக்கு நான்கு வீதம் பத்து வரிசை, அதாவது 5.3 மீட்டர். பக்கத்தில் மிஞ்சும் 14 செ.மீ. பட்டையை எறியாதீர்கள், இடுப்புப் பட்டிக்கு அதுதான்.

ஒவ்வொரு செவ்வகத்திலும் மேலே இடப்பக்கத்திலிருந்து 4 செ.மீ., கீழே இடப்பக்கத்திலிருந்து 20 செ.மீ. குறித்து, இரண்டையும் சாய்கோடாக இணைத்து வெட்டுங்கள். ஒன்றை அப்படியே தலைகீழாகச் சுழற்றினால் இரண்டும் ஒரே வடிவம். புரட்டக் கூடாது, சுழற்ற வேண்டும். புரட்டினால் உள்பக்கம் வெளியே வரும். இப்போது 80 கட்கள் கையில்.

இணைப்பு

ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நேர் ஓரம், ஒரு சாய்வு ஓரம். நேர் ஓரத்தோடு அடுத்ததன் சாய்வு ஓரத்தையே சேர்க்க வேண்டும். இரண்டு சாய்வு ஓரங்கள் சேர்ந்தால் அந்தத் தையல் நாளடைவில் இழுபட்டு, கீழே நாக்குப் போல் தொங்கும். எத்தனை இஸ்திரி போட்டாலும் அது சரியாகாது.

இடுப்பு முனைகளைச் சமமாக வைத்துப் பின் குத்துங்கள். சாய்வு ஓரம் ஏறத்தாழ 2.4 செ.மீ. நீளமாக இருப்பதால் கீழே துருத்திக்கொண்டிருக்கும். அது இருக்கட்டும், இழுத்துச் சமமாக்க வேண்டாம். சாய்வு ஓரம் மெஷினின் பற்கள் பக்கம், அடியில் இருக்கட்டும். 11 எண் ஊசி, 1 செ.மீ. தையல் இடம். 20 கட்கள் கொண்ட நான்கு பகுதிகளாகத் தையுங்கள். ஒரு பகுதியே தரையில் விரித்தால் ஏறக்குறைய முழு வட்டமாகிவிடும், அதற்கு மேல் போனால் மேசையில் கையாள முடியாது. நூல் பிரியாதபடி ஓரங்களுக்கு ஓவர்லாக் போட்டு, எல்லாத் தையலையும் ஒரே பக்கமாக இஸ்திரி போட்டுவிட்டு நான்கையும் சேருங்கள். கடைசித் தையலில் மேலே 15 செ.மீ. திறப்பு விடுங்கள்.

மடிப்பும் பட்டியும்

இடுப்பில் ஒவ்வொரு கட்டும் இப்போது 2 செ.மீ. அகலம். தையல் கோட்டையே மடிப்பின் முனையாக்கி, அடுத்த கட்டின்மேல் அரை செ.மீ. ஏறும்படி மடியுங்கள், வெளியே 1 செ.மீ. தெரியும். எல்லா மடிப்பும் ஒரே திசை. பத்து மடிப்புக்கு ஒருமுறை டேப் வைத்துப் பாருங்கள்: 10 செ.மீ. வர வேண்டும். ஒரு மடிப்பில் 1 மி.மீ. பிசகினாலும் 80 மடிப்பில் 8 செ.மீ. ஆகிவிடும். சரியாக வந்ததும் கையால் இரண்டு வரி ஓட்டுத் தையல் போடுங்கள்.

பட்டிக்கு 12 செ.மீ. அகலம், 86 செ.மீ. நீளம். இரட்டையாக மடித்துத் தைத்தால் 5 செ.மீ. உயரம் கிடைக்கும், ஒரு முனையில் 4 செ.மீ. நீட்டி விட்டு இரண்டு கொக்கிகள் வையுங்கள். இங்கே 14 எண் ஊசிக்கு மாறி, மெதுவாக ஓட்டுங்கள்.

ஓரம்

உடனே மடிக்க வேண்டாம். ஓர் இரவு பட்டியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். சாய்வாக வெட்டிய பக்கம் தன் எடையில் இறங்கி நிற்கும். மறுநாள் பட்டியின் அடியிலிருந்து 51 செ.மீ. அளந்து, துருத்தியதை வெட்டிச் சமமாக்கி, அரை செ.மீ. வீதம் இருமுறை மடித்துத் தையுங்கள். சுமார் 14 மீட்டர் ஓரம், பொறுமை வேண்டும்.

படிய வைத்தல்

நீர்த்த கஞ்சியில் நனைத்துப் பிழியாமல் எடுத்து, ஒவ்வொரு தையலையும் இடுப்பிலிருந்து ஓரம் வரை நீவி, மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மூன்று இடங்களில் நாடாவால் தளர்வாகக் கட்டி, நிழலில் கிடத்திக் காயவிடுங்கள். கஞ்சி கெட்டியாக இருந்தால் மடிப்பு அட்டைபோல் விறைத்து, ஆடும்போது விரியாது. உடுத்தாத நாட்களிலும் இதே கட்டோடு நீளவாக்கில் வைக்கவும்.