செல்போனால் விவசாயி நஷ்டப்படும் இடங்கள்

முதல் தவறு ஆதாரில் போன் நம்பர் பதியும்போது நடக்கிறது. இ-சேவை மையத்தில் அவசரத்துக்கு அங்கிருப்பவர் நம்பரையோ, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் நம்பரையோ கொடுத்துவிடுகிறார்கள். மத்திய அரசு விவசாயிக்குத் தரும் பி.எம். கிசான் பணம் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக உங்கள் அடையாளத்தை உறுதிசெய்வது, முடிக்காவிட்டால் தவணை நிற்கும். அதை முடிக்கத் தேவையான ஓ.டி.பி.யோ வேறொருவர் போனுக்குப் போகும். ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும் பழைய சிம் என்றால் இன்னும் மோசம், அந்த நம்பரையே கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். ஆதார் மையத்துக்குப் போய், உங்கள் கையில் இருக்கும் நம்பரை ஏற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பி.எம். கிசான் பெயரில் ஏ.பி.கே. ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) வந்தால் திறக்காதீர்கள். உள்ளே ஏற்றினால் உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸை அது படிக்கும், ஓ.டி.பி.யை நீங்கள் யாரிடமும் சொல்லாமலே பணம் போய்விடும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறு, பம்ப் மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் மொபைல் ஸ்டார்ட்டரில். போனில் ஆஃப் செய்துவிட்டோம் என்று நம்பி மோட்டாரில் கை வைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் ஆட்டோவில் இருந்தால் கரண்ட் வந்ததும் தானாக ஓடும். விஷயம் தெரியாமல் வீட்டிலிருந்து யாராவது போன் போட்டாலும் ஓடும். மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கையோடு வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். 'மோட்டார் ஆன்' என்று வரும் செய்தியை நம்பித் தூங்குவதும் தவறு. மோட்டார் ஓடுகிறது என்பதுதான் அதற்குப் பொருள். கிணறு வற்றியிருந்தாலும் அதே செய்திதான் வரும். தண்ணீர் நன்றாகக் கொட்டும்போது எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதைவிட வெகுவாகக் குறைந்தால் நிற்கும்படி ட்ரை ரன்னை (தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் வசதி) மெக்கானிக்கிடம் சொல்லி அமையுங்கள். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிம்முக்கும் ரீசார்ஜ் வேண்டும்.

ஃபார்வர்டில் வந்த மருந்தளவை அப்படியே கலக்காதீர்கள். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து 17.8 சதவீதத்திலும் வருகிறது, 70 சதவீதத்திலும் வருகிறது. 17.8-க்குச் சொன்ன அளவை 70-இல் போட்டால் மருந்து ஏறக்குறைய நாலு மடங்கு. டப்பாவின் லேபிளைப் பாருங்கள். சந்தேகம் என்றால் கிசான் கால் சென்டர், 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே கேட்கலாம். அழைக்கும்முன் பயிரின் வயது, கடைசியாக அடித்த மருந்து, இலையின் அடிப்பக்கத்தில் பூச்சி உண்டா என்ற மூன்றையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.