"ஏன் இப்படி?" என்பதற்குப் பதிலாகக் கேட்க வேண்டிய கேள்விகள்

பிரச்சினை என்று வந்தால் முதலில் வாயில் வருவது "ஏன் இப்படி ஆகுது?" என்பதுதான். அந்தக் கேள்வியை எத்தனை நாள் குடைந்தாலும் நாளைக் காலை என்ன செய்வது என்று தெரியாது. 1978-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசர், கொரியாவில் பிறந்த இன்சூ கிம் பெர்க் ஆகியோர் சகாக்களுடன் தொடங்கிய குடும்ப ஆலோசனை மையம் வேறு வழியில் போனது. காரணத்தைக் கிளறாமல், வந்தவருக்கு என்ன வேண்டும், அதில் எவ்வளவு ஏற்கெனவே நடக்கிறது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம். ஒரு நோட்டு, அரை மணி நேரம், ஒரே ஒரு பிரச்சினை போதும். மனதுக்குள் பதில் சொன்னால் பாதியில் கவலைப்படப் போய்விடுவோம். அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

உதாரணத்துக்கு, வேலை விட்டு வந்து பிள்ளையை ஹோம்வொர்க்குக்கு உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் கத்தல் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன வேண்டும் என்று கேட்டால் "கத்தக் கூடாது" என்று எழுதுவோம். இது குறிக்கோள் ஆகாது. இல்லாமல் போக வேண்டியதைத்தான் சொல்கிறது. உடனே "அதற்குப் பதிலாக?" என்று கேளுங்கள். "பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தப்பாகப் போட்ட கணக்கை நானும் பார்த்துப் பேச வேண்டும்." இதை நாளையே செய்து பார்க்கலாம்.

அடுத்தது இந்த முறையின் பேர்போன கேள்வி. வார்த்தைகளை அவசரப்படாமல் படியுங்கள்: "இன்று ராத்திரி நான் தூங்கும்போது ஓர் அதிசயம் நடந்து இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தூக்கத்தில் இருந்ததால் எனக்கு அது தெரியாது. நாளைக்கு எதைப் பார்த்து ஏதோ மாறியிருக்கிறது என்று கண்டுகொள்வேன்?" கேமராவில் பதிவாகக்கூடிய பதிலாக இருக்க வேண்டும். "நிம்மதியாக இருப்பேன்" என்பது பதிவாகாது. "வீட்டுக்குள் வந்ததும் போனை ஷெல்ஃபில் வைத்துவிட்டு, டீ குடித்த பிறகு அவனைக் கூப்பிடுவேன்" என்பது பதிவாகும். பிறகு "வேறென்ன?" என்று குறைந்தது ஐந்து தடவை கேளுங்கள். முதல் இரண்டு பதில்கள் எல்லோரும் சொல்வதாகவே இருக்கும், சரக்கு அதற்குப் பின்னால்தான் வரும். அதோடு, நான் மாறியதைப் பையன் எதை வைத்துக் கண்டுபிடிப்பான் என்றும் எழுதுங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழுவது, "அவன் சொன்னதும் உட்காருவான்" என்று அடுத்தவரை மாற்றிவிடுவதில். அப்படி வந்தால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டாம். "அவன் அப்படி உட்கார்ந்தால் நான் என்ன வித்தியாசமாகச் செய்வேன்?" என்று பந்தை நம் பக்கம் திருப்பினால் போதும்.

இனி விதிவிலக்கு. கடந்த இரண்டு வாரத்தில் கத்தல் வராத நாள், அல்லது சீக்கிரம் அடங்கிய நாள் எது? ஒன்றுகூட இல்லை என்று தோன்றும், ஆனால் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். "அன்றைக்கு ஏதோ நல்ல மூடு" என்று ஒதுக்காமல் எத்தனை மணிக்கு, யார் இருந்தார்கள், நான் முதலில் என்ன சொன்னேன் என்று நோண்டுங்கள். பையனிடமே "அம்மா கத்தாம இருந்த அன்னைக்கு என்னடா வேற மாதிரி இருந்துச்சு?" என்று கேட்கலாம். ஆனால் கேள்வி வேஷத்தில் அட்வைஸ் நுழைந்தால் பிள்ளைகள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

அதன் பிறகு 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல். 10 என்பது அதிசயத்துக்கு மறுநாள், 0 என்பது நிலைமை மிக மோசமாக இருந்த நேரம். 3 என்று வந்தால் மார்க் ஷீட் பார்த்த அப்பா மாதிரி "ஏன் 8 வரல?" என்று கேட்காதீர்கள். "0 இல்லாமல் 3 ஆனது எப்படி?" என்பதுதான் கேள்வி. உங்களுக்குத் தெரியாமலே செய்துகொண்டிருக்கும் நல்ல காரியங்கள் இதில்தான் வெளியே வரும். அவற்றைப் பட்டியல் போட்டுவிட்டு, 4 ஆனால் என்ன தெரியும் என்று எழுதுங்கள். ஒரே ஒரு படி. அதுவும் பெரிதாகத் தெரிந்தால் மூன்றரை. எட்டுக்குத் தாவப் பார்ப்பவர்கள்தான் மூன்றாம் நாள் விட்டுவிடுகிறார்கள். 10-க்குப் போயே தீர வேண்டும் என்றும் இல்லை, 7 வந்தால் போதும் என்று பலருக்கும் தோன்றும்.

ஒரு வாரம் கழித்து "எது கொஞ்சம் தேவலை?" என்று தொடங்குங்கள். எண் நகரவில்லை என்றால் இறங்காமல் எப்படிப் பிடித்து வைத்தீர்கள் என்று எழுதுங்கள். இறங்கியிருந்தால் இத்தனைக்கும் நடுவில் எப்படிச் சமாளித்தேன் என்று கேளுங்கள். செய்தது பலித்திருந்தால் அதையே இன்னும் செய்யுங்கள், பலிக்காததைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் வேறு ஏதாவது செய்யுங்கள்.

புதிதாகத் துக்கம் நேர்ந்தவரிடம் அதிசயக் கேள்வி கேட்பது கொடுமை. வீட்டில் அடி உதை இருந்தால் முதலில் தேவை பாதுகாப்பு, நோட்டு அல்ல. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்காமல், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கும், இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கும் அழையுங்கள்.