2026 மார்ச் மாசம் மேரி (நகராட்சி) எலெக்சன்: பிரான்ஸுக்கு புதுசா வர்ற புதுச்சேரிக்காரங்க யாருக்கு ஓட்டு போடறதுன்னு குழம்பாம இருக்க

மார்கழி லீவுக்கு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கேன். தினம் யாராவது ஒருத்தர் வர்றாங்க, பொண்ணு பாரிஸ் போறா, மச்சான் குடும்பத்தோட போறார், என்ன பாப்பியே (பேப்பருங்க) எடுத்துட்டுப் போகணும், வீட்டு வாடகை எவ்வளவு, இப்படித்தான் கேப்பாங்க. இந்த தடவை புதுசா இன்னொரு கேள்வியும் சேந்துக்கிச்சு. மார்ச்ல மேயர் எலெக்சனாமே, எங்க ஊர்ல நாலு லிஸ்ட்டு அஞ்சு லிஸ்ட்டு நிக்குதாம், யாருக்கு போடறதுன்னே தெரியலண்ணா, நீங்களே சொல்லுங்கன்னு. நான் யாருக்குன்னு சொல்றதில்ல. ஆனா எப்படிப் பாக்கணும்னு கண்டிப்பா சொல்வேன், ஏன்னா எங்க சித்தி பையன் குடும்பம் 2020ல பட்ட பாட்ட கூடவே இருந்து பாத்தவன் நான்.

நம்ம ஆளுங்களுக்கு ஓட்டு புதுசு இல்ல. சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க) குடும்பம், 1962ல தாத்தா பிரெஞ்சு நேஷனாலிட்டி எடுத்தவங்க, அப்பா அம்மா எல்லாம் இங்க கான்சுலேட்டு வரிசையில நின்னு பிரான்ஸ் ஜனாதிபதிக்கே ஓட்டு போட்டவங்க. ஆனா நகராட்சிக்கு ஓட்டு போட்ட பழக்கம் தான் நமக்கு இல்ல. புதுச்சேரியில 1968க்கு அப்புறம் உள்ளாட்சி தேர்தல் நடந்தது 2006ல, 38 வருஷம் கழிச்சு, அதுவும் கோர்ட்டு வரைக்கும் போய்தான், அந்த கவுன்சில் காலம் முடிஞ்சதுக்கப்புறம் இன்னி வரைக்கும் நடக்கல. அதனால ஒரு கவுன்சிலர் கிட்ட என்ன கேக்கறது, எத வச்சு அவர எடை போடறதுன்னு நம்ம வீட்டுல யாருக்கும் சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. இது நம்ம தப்பு இல்ல, அந்த வாய்ப்பையே நமக்கு குடுக்கல, நினைச்சா இன்னிக்கும் எனக்கு கோவம் வரும். மேரின்னா நமக்கு பீச்சு ரோட்டுல 2014 மழையில இடிஞ்சு விழுந்து திரும்ப கட்டி 2021ல தொறந்த அந்த வெள்ளக் கட்டடம், அவ்வளவுதான். அங்க மேரின்னா புள்ளைய ஸ்கூல்ல சேக்கறதுலேர்ந்து கல்யாணம் பதியற வரைக்கும் எல்லாத்துக்கும் போய் நிக்கற இடம்.

சரி, முறைகள வேகமா சொல்லிடறேன். பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தாத்தான் மேரி எலெக்சன்ல ஓட்டு. ஐரோப்பிய யூனியன் நாட்டுக்காரங்களும் போடலாம், ஆனா இந்தியன் பாஸ்போர்ட்டுல வந்தவங்களுக்கு அங்க தங்கறதுக்கு பத்து வருஷ கார்டு இருந்தாலும் கிடையாது. கல்யாணமாகி வந்த மருமக, மாப்பிள்ளைங்க நிறைய பேர் இதுல ஏமாந்து போறாங்க. அடுத்தது, புதுச்சேரி கான்சுலேட்டு ஓட்டர் லிஸ்ட்டுல பேர் இருக்கு அது போதும்னு இருக்காதீங்க. 2019லேர்ந்து ஒருத்தர் ஒரே எடத்துல தான் இருக்க முடியும், கான்சுலேட்டு லிஸ்ட்டுல இருந்தா மேரி எலெக்சன்ல போட முடியாது. போன உடனே நீங்க குடியிருக்கற ஊர் மேரியில பேர் பதிஞ்சிடுங்க, பாஸ்போர்ட்டோ கார்த் தி தாந்தித்தேயோ (பிரெஞ்சு அடையாள அட்டை) வேணும், மூணு மாசத்துக்குள்ள வந்த கரண்ட் பில்லு மாதிரி ஒரு விலாச ஆதாரம் வேணும். சொந்தக்காரங்க வீட்டுல தங்கியிருந்தா அவங்க கிட்ட தங்க வச்சிருக்கோம்னு ஒரு லெட்டரும், அவங்க அடையாள அட்டை காப்பியும், அவங்க பேர்ல பில்லும் வாங்கிக்கங்க. 2026 மார்ச் 15 ஞாயித்துக்கிழமை ஓட்டு, ரெண்டாவது ரவுண்டு வந்தா மார்ச் 22 ஞாயித்துக்கிழமையும். பதிய கடைசி நாள் ஆன்லைன்ல பிப்ரவரி 4, நேர்ல பிப்ரவரி 6. பொங்கல் முடிஞ்சு போய் பாத்துக்கலாம்னு இருந்தா கைய மீறிடும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அங்க நீங்க மேயருக்கு ஓட்டு போடறதில்ல. லிஸ்ட்டுக்கு போடறீங்க. கடலூர்ல 2022ல பாத்திருப்பீங்க, ஜனங்க கவுன்சிலர தேர்ந்தெடுத்தாங்க, 45 வார்டு கவுன்சிலருங்க சேந்து மேயர தேர்ந்தெடுத்தாங்க. அங்கயும் கவுன்சில் தான் மேயர தேர்ந்தெடுக்குது, ஆனா வார்டே கிடையாது. ஊர் முழுக்க ஒரே ஓட்டு, ஒவ்வொரு கட்சியும் மொத்த சீட்டுக்கும் ஒரு லிஸ்ட்டு போடணும், பொம்பள ஆம்பளன்னு மாத்தி மாத்தி வரிசையா. 40,000லேர்ந்து 50,000 பேர் வரைக்கும் இருக்கற ஊருன்னா 43 சீட்டு. பாரிஸ், லியோன், மர்செய் மூணுலயும் புது சட்டப்படி ஊருக்கு ஒரு ஓட்டு, வட்டாரத்துக்கு ஒரு ஓட்டுன்னு முறை கொஞ்சம் வேற, நம்ம ஆளுங்க முக்காவாசி சார்செல், கார்ஜ், லா கூர்நெவ் மாதிரி புறநகர்ல தான் இருக்காங்கறதால அந்த கணக்க மட்டும் சொல்றேன்.

எங்க சித்தி பையன் இருந்தது வட பாரிஸ் பக்கம் ஒரு ஊரு, பேர் வேணாம். 2020 எலெக்சனுக்கு முன்னாடி ஒரு லிஸ்ட்டுக்காரங்க தமிழ் கடையா ஏறி எறங்கினாங்க, கோயில் பூசைக்கு வந்து பொட்டு வச்சிக்கிட்டாங்க, கையில ஒரு நோட்டீஸ், அதுல நம்ம ஊர் பொண்ணு ஒருத்தியோட போட்டோ, சேலையில, சிரிச்ச முகமா. உங்க ஆளு நம்ம லிஸ்ட்டுல இருக்காங்க, நீங்க எல்லாம் எங்களுக்கு போட்டா மேரியில உங்களுக்குன்னு ஒரு குரல் இருக்கும்னாங்க. சித்தி பையனுக்கு தல கால் புரியல. நம்ம ஊர் பொண்ணு கவுன்சிலர் ஆவுதுன்னா சும்மாவா, சனி ஞாயிறு பூரா வீடு வீடா போய் சொன்னான், அவங்க மீட்டிங்குக்கு சித்தி பெரிய அண்டாவுல பிரியாணி ஆக்கி அனுப்பிச்சாங்க. வேற எந்த லிஸ்ட்டு நோட்டீசையும் அந்த வீட்டுல யாரும் பிரிச்சே பாக்கல.

அந்த பொண்ணு பேர் 37வது எடத்துல இருந்துது. 43ல 37. அத யாரும் கவனிக்கல, சொல்லவும் இல்ல.

இந்த நம்பர் தான் எல்லாம். எப்படின்னா, ஜெயிச்ச லிஸ்ட்டுக்கு மொதல்ல பாதி சீட்டு நேரா போயிடும், 43ல 22. மீதி 21 சீட்ட, 5 சதவீதம் தாண்டின எல்லா லிஸ்ட்டுக்கும், ஜெயிச்சவங்களுக்கும் சேத்து, ஓட்டு கணக்குப்படி பிரிப்பாங்க. மூணு லிஸ்ட்டு 45, 35, 20 சதவீதம் வாங்குச்சுன்னு வைங்க, மொத லிஸ்ட்டுக்கு 32 சீட்டு, ரெண்டாவதுக்கு 7, மூணாவதுக்கு 4. சீட்டு மேலேர்ந்து வரிசையா போகும். அப்ப 37வது எடத்துல இருக்கறவங்க லிஸ்ட்டு ஜெயிச்சா கூட உள்ள போக முடியாது, தோத்தா கேக்கவே வேணாம், எட்டாவது எடத்துல இருக்கறவங்களே வெளிய தான். போட்டோவ பாக்காதீங்க, எத்தனாவது எடம்னு பாருங்க. நம்ம ஆள நிஜமா மதிக்கற லிஸ்ட்டு அவங்கள மேல வைக்கும்.

அதோட முடியல. மொத ரவுண்டுல யாரும் பாதிக்கு மேல வாங்கலன்னா ரெண்டாவது ரவுண்டு. 10 சதவீதம் வாங்கின லிஸ்ட்டு தான் அதுல நிக்கலாம், 5 சதவீதம் தாண்டின லிஸ்ட்டு வேற பெரிய லிஸ்ட்டோட சேந்துக்கலாம். சேரும்போது பேர்கள அடுக்கி மாத்துவாங்க, ஒருத்தர் உள்ள வந்தா ஒருத்தர் வெளிய போகணும் இல்லியா. அந்த வருஷம் கொரோனாவால ரெண்டாவது ரவுண்டு ஜூன் 28க்கு தள்ளிப் போச்சு. ஜூன்ல புது லிஸ்ட்டு வீட்டுக்கு தபால்ல வந்துது, சித்தி பையன் அத சாப்பாட்டு மேசையில விரிச்சு வச்சு மேலேர்ந்து கீழ வரைக்கும் விரல வச்சு தேடினான், அந்த பொண்ணு பேர் இல்ல. அந்த லிஸ்ட்டுக்காரங்களுக்கு போன் பண்ணினா எடுக்கல. ஊர் ஆளுங்க முன்னாடி அவன் தலகுனிஞ்சு நின்னான், நீ சொல்லித்தானே போட்டோம்னு கேட்டவங்களுக்கு பதில் சொல்ல முடியல. அந்த பொண்ணுக்கும் எவ்வளவு அவமானம், அவங்க நல்லவங்க, நெஜமாவே ஊருக்கு செய்யணும்னு வந்தவங்க, அவங்களயும் சேத்து தான் ஏமாத்தினாங்க.

இதுல இன்னொன்னு. சித்தி மொத ரவுண்டுல மறைப்புக்குள்ள போய், அந்த பொண்ணுக்குத்தான் நம்ம ஓட்டுன்னு காட்டணும்னு, கைப்பையிலேர்ந்து பேனா எடுத்து அவங்க பேர் பக்கத்துல அழகா ஒரு டிக் போட்டு கவர்ல வச்சாங்க. செல்லாத ஓட்டு. அந்த பேப்பர்ல எதயும் எழுதக் கூடாது, யார் பேரயும் அடிக்கக் கூடாது, கோடு கூட கிழிக்கக் கூடாது. லிஸ்ட்டு முழுசா எடுத்தா எடு, இல்லன்னா விடு, அதான் சட்டம். வயசானவங்களுக்கு வீட்டுலயே ஒரு பேப்பர காமிச்சு சொல்லிடுங்க, ஓட்டு பேப்பர் தபால்லயும் வரும், அத எடுத்துட்டுப் போய் அங்க குடுக்கற கவர்ல வச்சு போடலாம்.

அப்ப எத வச்சு முடிவு பண்றது? மேயர் கையில என்ன இருக்குன்னு தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். எக்கோல் மத்தெர்னெல்லும் (மழலைப் பள்ளி) ப்ரைமரி ஸ்கூல் கட்டடமும் மேரி கையில, கான்தின் (ஸ்கூல் சாப்பாடு) ரேட்டு மேரி முடிவு பண்றது, க்ரெஷ்ல (குழந்தைங்க காப்பகம்) எடம், முனிசிபல் போலீஸ், தெரு, பார்க்கு, சொந்த வீடு வாங்கினவங்களுக்கு தாக்ஸ் ஃபோன்சியேர்ல (சொத்து வரி) ஊர் பங்கு ரேட்டு. சோஷியல் வீட்டுக்கு (குறைஞ்ச வாடகை வீடு) மனு போட்டு வருஷக்கணக்கா காத்திருக்கறவங்களுக்கு, மேரிக்குன்னு ஒதுக்கின வீடுங்களுக்கு யார் பேர சொல்றதுங்கறதுல மேயருக்கு பங்கு உண்டு. நம்ம வீட்டு மஞ்ச நீராட்டு, பொங்கல், தமிழ் க்ளாஸ் எல்லாத்துக்கும் வாடகைக்கு எடுக்கற சால் (ஹால்) மேரியோடது. காலேழ் (நடுநிலைப் பள்ளி) டிபார்ட்மென்ட் (மாவட்டம்) கையில, லிசே (மேல்நிலைப் பள்ளி) ரீஜியன் (மாகாணம்) கையில, RER ரயில் லேட்டாச்சுன்னா மேயர கேட்டு பிரயோஜனம் இல்ல. கார்த் தெ செழூர் (அங்க தங்கறதுக்கான அனுமதி கார்டு) பிரேஃபெக்தூர் (மாவட்டத்துல இருக்கற மத்திய அரசு ஆபீஸு) வேலை. எங்களுக்கு போடுங்க உங்க வீட்டுக்காரர் கார்ட முடிச்சு தரோம்னு எந்த லிஸ்ட்டுக்காரர் சொன்னாலும் கதவ சாத்துங்க, அவர் கையில இல்லாதத விக்கறார்.

கூட்டத்துக்கு வந்தாங்கன்னா கூச்சப்படாம கேளுங்க. நம்ம ஆளுங்களுக்கு பிரெஞ்சு நல்லா வராதுன்னு ஒரு தயக்கம், அத விடுங்க, உடைஞ்ச பிரெஞ்சுல கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியது அவங்க கடமை. என் வீட்டுல நாங்க கேட்டது இது: ரெண்டு புள்ளைங்களுக்கு கான்தின் இப்ப இவ்வளவு கட்டறோம், நீங்க வந்தா எவ்வளவு ஆகும்? சனிக்கிழமை தமிழ் க்ளாஸுக்கு ஒரு ரூம் தருவீங்களா, இலவசமா வாடகைக்கா? ரெண்டாவது ரவுண்டுல யாரோட சேருவீங்க, சேந்தா எங்க ஆளு எத்தனாவது எடம்? மூணாவது கேள்விக்கு ஒருத்தர் முகம் மாறிச்சு, ஒருத்தர் மட்டும் நேரா பதில் சொன்னார். எங்களுக்கு அதுவே போதுமானதா இருந்துது. இப்ப இருக்கற மேயரே திரும்ப நின்னா இன்னும் சுலபம், கவுன்சில் கூட்டம் யார் வேணா போய் பின்னாடி உக்காந்து கேக்கலாம், என்ன தீர்மானம் போட்டாங்கன்னு மேரி சைட்டுலயே இருக்கும், ஆறு வருஷத்துல சொன்னதுல எத செஞ்சாங்கன்னு பாத்துக்கங்க.

சொந்தக்காரர் சொன்னார், கடைக்காரர் சொன்னார், ஊர் சங்கத்து பெரியவர் சொன்னார்னு போடாதீங்க. பெரியவங்கள மதிக்கணும், வந்த புதுசுல வீடு பாத்து குடுத்தது அவங்கதான், ஆனா ஓட்டு உங்களது. ஒரே வீட்டுல புருஷன் ஒரு லிஸ்ட்டு பொண்டாட்டி ஒரு லிஸ்ட்டு போட்டா ஒண்ணும் ஆகிடாது, எங்க வீட்டுல அப்படித்தான் நடக்குது.

ஓட்டு நாள் அன்னிக்கு பாஸ்போர்ட்டு இல்ல கார்த் தி தாந்தித்தே கண்டிப்பா வேணும், ஓட்டர் கார்டு தொலஞ்சிருந்தாலும் பரவால்ல. மேசையில இருக்கற லிஸ்ட்டு பேப்பர்ல ரெண்டு மூணாவது எடுத்துக்கங்க, யாருக்கு போடறீங்கன்னு யாருக்கும் தெரிய வேணாம்.

அங்க பேர் பதிஞ்சிட்டு மார்ச்ல ஊர்ல இருக்கற மாதிரி ஆச்சுன்னா ஓட்ட விட்டுடாதீங்க. இங்க கான்சுலேட்டுலயே ப்ரொக்குராசியோன் (உங்களுக்கு பதிலா வேற ஒருத்தர் ஓட்டு போட அனுமதி) எழுதிக் குடுக்கலாம், முன்கூட்டியே டைம் கேட்டு போங்க, ரெண்டு ரவுண்டுக்கும் சேத்தே குடுங்க. உங்களுக்காக போடறவர் பிரான்ஸ்ல வேற ஊர் ஓட்டரா இருந்தாலும் 2022லேர்ந்து பரவால்ல, ஆனா உங்க பூத்துக்கு வந்து தான் போடணும், அதனால காலையில எழுந்து கிளம்பி வர்ற ஆளா பாத்து குடுங்க. மொத ரவுண்டு முடிஞ்ச செவ்வாய்க்கிழமை சாயந்திரத்துக்குள்ள புது லிஸ்ட்டு எல்லாம் பதிவாகிடும், அத அனுப்பச் சொல்லி பேர் பேரா படிங்க, படிச்சிட்டு எந்த லிஸ்ட்டுன்னு அவருக்கு போன் பண்ணிச் சொல்லுங்க.