ஹௌரா பாலம் பார்க்கப் போகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் போய் இறங்கினால், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே பாலம் கண்ணில் பட்டுவிடும். இவ்வளவு எளிதாகத் தெரிவதாலேயே பலர் அதைச் சரியாகப் பார்ப்பதில்லை. டாக்ஸி பிடித்து, ஜன்னல் வழியே இரண்டு படம் எடுத்துக்கொண்டு கொல்கத்தா கரைக்குப் போய்விடுகிறார்கள். 2024 முதல் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோவும் ஓடுகிறது. அதில் ஏறினால் பாலம் கண்ணிலேயே படாது. மெட்ரோவைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை நடந்து போவதுதான் சரி.

அதற்காக ஆபீஸ் நேரத்தில் போகாதீர்கள். விடிந்ததும் போனால் வெயிலும் இருக்காது, கொல்கத்தா முனையில் பாலத்தடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தையும் களைகட்டியிருக்கும். நடைபாதையில் நடுவில் நின்று செல்ஃபி எடுப்பது பெரிய தவறு. தலைச்சுமையோடு வேகமாக வருபவர்களால் சட்டென்று நிற்க முடியாது. ஓரமாக நில்லுங்கள். படம் எடுக்க வேண்டாம் என்று காவலர் சொன்னால் வாதாட வேண்டாம்.

மேலே நடந்ததோடு திரும்பிவிடுவதும் தவறுதான். ஸ்டேஷன் அருகிலுள்ள படகுத்துறையில் பாக்பஜார் பக்கம் போகும் படகில் ஏறுங்கள். அது பாலத்துக்கு அடியிலேயே போகும். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். நடுவில் தூண் நட்டால் வண்டல் சேரும், படகுப் போக்குவரத்தும் தடைப்படும் என்பதால் இப்படிக் கட்டினார்கள். இரு கரையிலிருந்தும் 468 அடிக்கு ஒரு கை நீள்கிறது. இடையில் 564 அடி நீளத் துண்டை அந்த இரண்டு கைகளும் தாங்குகின்றன. மொத்தம் 1500 அடி. சற்றுத் தெற்கே கம்பிவடங்கள் தாங்கி நிற்பது 1992-இல் திறந்த வித்யாசாகர் சேது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

'நட்டு, போல்ட் இல்லாத அதிசயம்' என்று கேட்டிருப்பீர்கள். பாலம் ரிவெட்டால் இணைக்கப்பட்டது, அவ்வளவுதான். பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் செருகி மறுமுனையை அடித்துத் தட்டையாக்குவார்கள். ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும். எனக்கு அதிசயத்தைவிட இந்த வேலைத்திறன்தான் பெரிதாகப் படுகிறது.

வரலாற்றிலும் ஒரு தவறு தொடர்கிறது. பிரிட்டிஷார் கட்டியதால் இரும்பும் அங்கிருந்தே வந்தது என்று நினைக்கிறார்கள். வடிவமைத்தது லண்டன் நிறுவனம், அது உண்மை. ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்ததும் இங்கிலாந்து எஃகு கிடைக்கவில்லை. தேவைப்பட்ட 26,500 டன்னில் 23,000 டன்னை டாடா நிறுவனம்தான் கொடுத்தது. கட்டி முடித்தபோது ஜப்பானிய விமானங்கள் கொல்கத்தாமீது குண்டு வீசிக்கொண்டிருந்தன. அதனால் 1943 பிப்ரவரியில் விழா எதுவும் இல்லாமல் திறந்துவிட்டார்கள்.

கதை 1943-இல் தொடங்கியதாகவும் எண்ண வேண்டாம். 1874 முதல் அங்கே ஒரு மிதவைப் பாலம் இருந்தது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியை விலக்குவார்கள். அதுவரை வண்டிகள் காத்து நிற்க வேண்டும். இப்போதுள்ள பாலத்துக்கு 1965-இல் தாகூர் நினைவாக ரவீந்திர சேது என்று பெயர் வைத்தார்கள். ஊரில் வழி கேட்கும்போது ஹௌரா பாலம் என்றே கேளுங்கள்.

அப்புறம், வெற்றிலை பாக்கு போட்டுத் துப்பாதீர்கள். அந்த எச்சில், சாலைத்தளத்தைத் தாங்கும் தொங்குகம்பிகளின் அடிப்பாகத்தை அரித்து, பாதுகாப்புக்கு ஃபைபர் உறை போட வேண்டியதாயிற்று.